கடல் இருக்கும் பக்கம்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மான்டெரேக்கு 101 நெடுஞ்சாலையில் போனால் சுமார் இரண்டு மணி நேரம். கடலோரமாகப் போகும் 1-ஆம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஆகும். நான் தாளில் ஆறு மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்த என் கணவர், "கார் பார்க்கத்தானே போறீங்க, எதுக்கு இவ்வளவு சுத்து?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கல்யாணம், சாவு, பிரசவம், நேர்த்திக்கடன் என்று எங்கள் வீட்டுப் பெண்களின் பயணங்களுக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. போகிற வழியைப் பார்ப்பதற்காகவே போவது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

திருநெல்வேலியில் என் சிறு வயதில், வருடத்துக்கு ஒரு முறை வாடகைக்கு அம்பாசிடர் எடுத்துத் திருச்செந்தூர் போவோம். முன்சீட்டு அப்பாவுக்கு. அப்பா வராத நாட்களில் மாமாவுக்கு. மாமாவும் இல்லையென்றால் பதினோரு வயதுத் தம்பிக்கு. அம்மாவும் ஆச்சியும் சித்தியும் நானும் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். அம்மாவின் மடியில் தூக்குச்சட்டி இருக்கும், காலடியில் வாழைத்தார் இருக்கும். முன்சீட்டு யாருக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேள்வி எழாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். பயணம் என்றால் அம்மா முந்தின நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வழியில் ஆண்கள் வண்டியை நிறுத்திப் புளியமரத்தடியில் ஒதுங்கிவிட்டு வருவார்கள். அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். "எனக்குத் தாகமா இல்ல" என்பாள். நாற்பது வருடம் அவளுக்குப் பயணங்களில் தாகமே எடுக்கவில்லை.

நான் 2006-இல் கணவரைச் சார்ந்து வரும் மனைவிக்கான விசாவில் அமெரிக்கா வந்தேன். வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. என்னைப் போன்றவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015-இல்தான் அந்த அனுமதி கிடைத்தது. கார் ஓட்டுவதை அதற்கு முன்பே கற்றுக்கொண்டேன். ஆனால் மினிவேனை எடுத்தால் பள்ளிக்கூடம், கடை, நீச்சல் வகுப்பு, மறுபடி பள்ளிக்கூடம் என்றுதான் ஓடும். பதினைந்து வருடத்தில் அந்த வேனில் எத்தனையோ ஆயிரம் மைல் ஓட்டியிருக்கிறேன். அதில் ஒரு மைல்கூட எனக்காக ஓட்டியதில்லை.

என் சம்பளத்தில் நான் முதலில் வாங்கிய பெரிய பொருள், 1996-இல் செய்யப்பட்ட சிவப்பு மாஸ்டா மியாட்டா. மேற்கூரையை மடக்கிவிடலாம். முன்விளக்குகள் தவளைக் கண் போல எழும்பும். இரண்டே சீட்டு. "பின்சீட்டு இல்லாத காரா? பிள்ளைங்களை எங்க உட்கார வைப்பே?" என்று தோழிகள் கேட்டார்கள். உட்கார வைக்க இடம் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சத்தமாகச் சொல்ல அப்போது தைரியம் வரவில்லை.

கார் பைத்தியம் பிடித்த ஆண்கள் சிலர் மியாட்டாவைப் 'பொம்பளை கார்' என்று கிண்டல் செய்வார்கள். 1989-இல் வெளிவந்து, 2016-இல் பத்து லட்சத்தைத் தாண்டி, உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட்டுத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் எடுத்த வண்டி அது. ஒரு காரை மட்டம் தட்டுவதற்கும் நம்மைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் மான்டெரேயில் கார் வாரம் நடக்கும். பெபிள் பீச்சில் பழைய கார்களின் அழகுப் போட்டி 1950-இலிருந்து நடக்கிறது. லகூனா சேகா பந்தயத் தளம் 1957-இல் திறந்தது. அதன் 'கார்க்ஸ்க்ரூ' வளைவில் சாலை சட்டென்று சுமார் 18 மீட்டர் கீழே இறங்கும். கோடிக்கணக்கான டாலர் பெறும் கார்கள் வரும் வாரம் அது. நான் போக நினைத்தது அவற்றைப் பார்க்க இல்லை. அதே வாரத்தில் என் காரைப் போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரு வாகன நிறுத்தத்தில் கூடும், அங்கே போகத்தான். அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். அப்பா போய் நாலு வருடம். அவளுக்கு வயது 73.

"நானும் வாரேன். ஆனா எதுக்குட்டி போறோம்?"

"சும்மாதாம்மா."

"சும்மாவா?" என்று அந்தச் சொல்லை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அப்புறம்தான் தாளை எடுத்தேன். முதலில் கழிப்பறைகளைக் குறித்தேன். ஹாஃப் மூன் பே, சான் கிரகோரியோ கடற்கரை, சான்டா குரூஸ் என்று எந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டேன். அடுத்தது பெட்ரோல். ஹாஃப் மூன் பேயில் டேங்கை நிரப்பிவிட வேண்டும், அதன்பிறகு நெடுந்தூரம் வயலும் கடலும்தான். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது என்பதால் வழியைக் காகிதத்திலும் எழுதினேன். ஆகஸ்ட் காலையில் கடலோரம் மூடுபனி அடைத்திருக்கும். அம்மாவுக்குக் குல்லாய், போர்வை. அவளுக்கு முட்டுவலி, காரோ தரையோடு தரையாக இருக்கும். வீட்டு வாசலில் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். முதலில் பக்கவாட்டில் உட்கார வேண்டும், பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும்.

கடைசியாகத் திசை. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். தெற்கே போகும்போது கடலும் வலப்பக்கம்தான். அதாவது அம்மாவின் பக்கம். போகும்போது கடலோரம், திரும்பும்போது இருட்டுவதற்குள் 101 வழியாக வீடு என்று எழுதிக் கோடு போட்டேன்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று மட்டும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஆனால் கிளம்புகிற அன்று விடியற்காலை நாலு மணிக்குப் புளிக்காய்ச்சல் வாசனை வந்தது. "மாப்பிள்ளைக்கும் புள்ளைகளுக்கும் கிண்டி வச்சிட்டேன், இல்லன்னா எனக்கு மனசு நிக்காது" என்றாள் அம்மா. கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்தத் தாளை ஆறு நாள் உட்கார்ந்து எழுதிய நானும் அதே வேலையைத்தானே செய்திருக்கிறேன்? அடுத்தவருக்கு என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற வேலை. நம் பெண்கள் தினமும் செய்வது அதைத்தான். யாரும் அதைத் திட்டமிடல் என்று சொன்னதில்லை.

திட்டமிடும்போது ஆலிஸ் ராம்சே அடிக்கடி நினைவுக்கு வந்தார். 1909 ஜூன் 9 அன்று நியூயார்க்கில் மேக்ஸ்வெல் காரைக் கிளப்பி, 59 நாள் ஓட்டி, ஆகஸ்ட் 7 அன்று எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். வயது 22. கூட வந்த மூன்று பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது. சரியான சாலை வரைபடம் இல்லாத இடங்களில், கம்பிகள் அதிகமாகப் போகும் தொலைபேசிக் கம்பங்களைப் பின்தொடர்ந்தால் ஊர் வந்துவிடும் என்று ஓட்டினார். வழியில் 11 டயர் மாற்றினார். அமெரிக்காவைக் காரில் குறுக்காகக் கடந்த முதல் பெண் ஓட்டுநர் அவர். எனக்கோ மழமழவென்ற சாலை, கையில் தாள், பக்கத்தில் அம்மா. பயப்பட என்ன இருக்கிறது?

பசிஃபிகாவைத் தாண்டிச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம். மலைச்சரிவால் பழைய சாலை அடிக்கடி அடைபட்டதால் 2013-இல் திறந்த பாதை அது. வெளியே வந்ததும் பனி விலகியிருந்தது. அம்மாவின் பக்கம் முழுக்கக் கடல். அவள் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் வேறு எதுவும் இல்லை.

ஹாஃப் மூன் பேயில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவள், "ஏட்டி, அந்தத் தண்ணி பாட்டிலை எடு" என்றாள். பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தாள். "அடுத்து எங்க நிப்பே?" என்று கேட்டாள். "அரை மணி நேரத்துல" என்றேன். மீதியையும் குடித்தாள்.

பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கத்தில் நின்றோம். 1872-இல் முதன்முதலாக விளக்கேற்றியது. வாட்சன்வில்லில் ஸ்ட்ராபெரி வயல்கள். குனிந்த முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன, அதில் பெண்களும் இருந்தார்கள். "நம்மூர்ல நாத்து நடுறாப்ல இருக்கே" என்றாள். நான் வேகத்தைக் குறைத்தேன். 'சும்மா' போகிற உரிமை எனக்கு வந்துசேர எவ்வளவு நாளாயிற்று என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் வந்துசேராதவர்கள் சாலைக்கு இருபதடி தள்ளி நின்றார்கள்.

மான்டெரேயில் ஐம்பது கார்களுக்கு மேல் நின்றன. பெரும்பாலும் நரைத்த ஆண்கள். ஒருவர் என் காரைச் சுற்றிவந்து, "நன்றாக வைத்திருக்கிறார். உங்கள் கணவருடையதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்ன கேட்கிறார் என்றாள் அம்மா. சொன்னேன். அவள் அவரைப் பார்த்து, என்னைக் கைகாட்டி, "மை டாட்டர். ஹெர் கார்" என்றாள். அவர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு எஞ்சினைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். அம்மா ஒரு நீலக் காரில் உட்கார்ந்து பார்த்து, நம்முடைய சீட்டே தேவலை என்று தீர்ப்புச் சொன்னாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். 101-க்குத் திரும்ப வேண்டிய இடம் நெருங்கியபோது அம்மா கேட்டாள்:

"வந்த வழியாவே போனா, கடல் உன் பக்கம் வரும்லா?"

"ஆமாம்மா. ஆனா நேரம் ஆகும்."

"ஆவட்டும். வாரப்ப நான்தானே பாத்தேன். இப்ப நீ பாரு. ரோட்டையும் பாத்துக்கோ."

அந்தத் தாளில் எனக்கென்று நான் எதுவும் குறித்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 101-க்குத் திரும்பாமல் நேராக விட்டேன்.