முழங்கால் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள்! பழவேற்காடு தரும் பாடம்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்த்துவிட்டுப் பாலத்தில் ஏறினால், இரண்டு பக்கமும் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. நடந்தே இறால் பிடிப்பவர்களைப் பார்க்கலாம். 'இதில் என்ன ஆபத்து?' என்றுதான் தோன்றும்.

ஆனால், ஏரி முழுக்க ஒரே மாதிரி இல்லை. அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டமும் அலையும் மோதிக்கொள்ளும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். குடும்பமாகச் சுற்றுலா வந்தவர்களின் படகு அந்தப் பக்கம் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். படகில் போனவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

இப்போது கயாக் எனும் சிறு துடுப்புப் படகு நம் ஊரிலும் பிரபலம். ராமநாதபுரம் காரங்காட்டில் வனத்துறையே கயாக் சவாரி நடத்துகிறது. கயாக் கவிழ்வது சகஜம். கவிழ்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

திடீரெனத் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு வாங்கும், பதற்றம் வரும். நீச்சல் தெரிந்தவரும் தடுமாறும் நேரம் அது. லைஃப் ஜாக்கெட் இருந்தால் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். மிதப்பதற்காகக் கையை அடித்துக் களைக்க வேண்டாம். இரண்டு கைகளும் படகைப் பிடிக்கக் கிடைக்கும்.

பிறகு அவசரமே வேண்டாம். படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். மேலே உட்காரும் வகை கயாக் என்றால், முதலில் அதை நிமிர்த்துங்கள். பக்கவாட்டில் பிடித்து, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிறு படகின் மேல் படும்படி ஏறுங்கள். அதன் பிறகு மெல்லத் திரும்பி உட்காருங்கள். கூட வந்தவர் தன் கயாக்கை ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

ஜாக்கெட்டைக் கரையிலேயே போடுங்கள். கவிழ்ந்த பிறகு சீட்டுக்கு அடியில் இருப்பதை எடுத்து மாட்ட முடியாது. எல்லா பக்கிளையும் பூட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது லூஸ். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்றதுதான் வேண்டும். தொடைகளுக்கு இடையே மாட்டும் பட்டையும் இருந்தால் நல்லது.

'போட்டோவில் நல்லா இருக்காது', 'புழுக்கமா இருக்கு' என்று கழற்றிவிடாதீர்கள். கொடுக்க ஜாக்கெட் இல்லை என்றால், அந்தப் படகில் ஏறவே வேண்டாம். பாலத்தில் நின்றாலே ஏரி அழகாகத்தான் தெரிகிறது.