ஐந்து வெள்ளிக் காசுக்கு ஒரு படுக்கை

சுமாரான அறை ஓர் இரவுக்கு 5 வெள்ளிக் காசு. கொஞ்சம் வசதியாக வேண்டுமென்றால் 8. பணக்காரர்கள் தங்குவது 2 பொற்காசு, பிரபுக்கள் தங்குவது 4. ஆகக் கடைசி ரகம் 7 செப்புக் காசுக்குக் கிடைக்கும். அங்கே எப்படித் தூக்கம் வரும் என்று கேட்கக்கூடாது. ரொட்டி ஒன்று 2 செப்பு. ஆளுக்கு 10 பொற்காசு கொடுத்தால் விருந்தே வைத்துவிடுவார்கள்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் உள்ள விலைப்பட்டியல் இது. ஜொகூரின் ஸ்கூடாயில் இருக்கும் என் அக்கா மகன் சனிக்கிழமை இரவுகளில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இதை விளையாடுகிறான். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். கதையை நடத்துவது இவன். மற்றவர்கள் தங்கள் பாத்திரமாகவே பேசி, பகடை உருட்டி, குகைக்குள் போய் அடிபட்டுத் திரும்புவார்கள். திரும்பியதும் சத்திரம். கிளம்புவதும் சத்திரத்திலிருந்துதான். மேசையில் மூன்று இனப் பிள்ளைகளும் இருப்பதால் கதையில் பீர் ஓடாது, சிராப் பாண்டோங் ஓடும். ரொட்டி என்றால் ரொட்டி சானாய்.

“மாமா, ஏன் எல்லாக் கதையும் இன்லயே ஆரம்பிக்குது? யார் முதல்ல இப்படி வெச்சா?” என்று கேட்டான். பழைய கதைப் புத்தகங்களை வாங்கி அடுக்குகிறவன் நான் என்பதால் என்னிடம் வந்த கேள்வி. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு முதலில் கண்ணில் பட்டது கூலி. கைத்தொழில் தெரியாத ஆளுக்கு நாள் கூலி 2 வெள்ளிக் காசு. அவன் இரண்டரை நாள் உழைத்தால்தான் சுமாரான அறையில் ஓர் இரவு படுக்க முடியும். ஆக இந்தச் சத்திரங்கள் ஊர் மக்களுக்காகக் கட்டியவை இல்லை. வழிப்போக்கு வீரர்களுக்காகக் கட்டியவை.

அங்கிருந்து பின்னால் போனேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பு மூன்று சின்னப் புத்தகங்கள். பொருள் பட்டியலில் கட்டுச்சோறுக்கு விலை உண்டு, மதுவுக்கு விலை உண்டு, படுக்கைக்கு மட்டும் விலை இல்லை. சத்திரச் செலவு வருவது மூன்றாவது புத்தகத்தில், அதுவும் ஊர்ப்பேச்சைப் பிடிப்பதற்காக. கடையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுக்க 10 முதல் 60 பொற்காசு. கடைக்காரன் கையில் தனியாக அழுத்த 1 முதல் 10 வரை. 40 ஆண்டு கழித்து வந்த பட்டியலில் பிரபு படுக்கும் கட்டிலுக்கே 4தான். சேதிக்கு 60!

விதிப்புத்தகம் அச்சாகும் முன்பே ஆர்னெசன் மினசோட்டாவில் நண்பர்களை வைத்து ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சத்திரம். அதன் வாசல் வழியாக வெளியே போகிறவன் உள்ளேயே வந்து நிற்பான். ‘கம் பேக் இன்’ என்று பெயர். குடித்தவர்களைப் பற்றித் தெரிந்தவர் வைத்த பெயர்.

கைகாக்ஸ் தனக்குப் பிடித்த எழுத்தாளர்களை 1979இல் வந்த வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில் வரிசையாகத் தந்திருக்கிறார். அதில் இரண்டு பேரிடமாவது சத்திரம் இருக்கிறது. 1939 முதல் எழுதத் தொடங்கிய பிரிட்ஸ் லைபரின் இரட்டை வீரர்கள் லாங்க்மார் நகரத்தில் ‘சில்வர் ஈல்’ மதுக்கடையில் கிடையாகக் கிடப்பார்கள். டோல்கீனின் 1954 நாவலில் பிரீ என்ற ஊரில் ‘பிரான்சிங் போனி’. அந்தச் சத்திரக்காரரிடம் ஒரு முக்கியமான கடிதம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்க, அவர் மறந்துபோய் வைத்துக்கொண்டிருப்பார். பாதி ஆபத்து அதனால்தான். இங்கேயும் பார்த்தால் சத்திரத்தின் சரக்கு சேதிதான்.

இந்த வகை விளையாட்டு கம்ப்யூட்டருக்கு வந்தபோது இது மாறியது. 1981இல் வந்த ‘விசார்ட்ரி’ விளையாட்டில் சத்திரத்தில் குதிரை லாயம் இலவசம், ஆனால் அங்கே படுத்தால் காயம் ஆறாது. காசு கூடக்கூட வேகமாக ஆறும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரால் ஊர்வம்பு பேச முடியாது, அதனால் கட்டிலை விற்றது என்பது என் எண்ணம்.

இன்னும் பின்னால் போனால் லண்டனுக்குத் தெற்கே சவத்தர்க்கில் இருந்த ‘டாபர்ட்’ சத்திரம். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் தன் கான்டர்பரி யாத்ரீகர்களை அங்கேதான் சேர்க்கிறார். வீரன், சமையற்காரன், மாவுமில்காரன், கன்னியாஸ்திரி எனச் சம்பந்தமே இல்லாத கும்பல். சத்திரக்காரர் ஹாரி பெய்லி ஒரு போட்டி வைக்கிறார்: வழியில் ஆளுக்குக் கதை சொல்லவேண்டும், விதி நான் சொல்வது, தீர்ப்பும் என்னுடையது, ஜெயித்தவருக்கு இதே சத்திரத்தில் மற்றவர்கள் செலவில் சாப்பாடு. சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பியும் விடுகிறார். என் மருமகன் சனிக்கிழமைகளில் செய்வது அட்சரம் பிசகாமல் இதேதான். முதல் ஆட்டநடத்துநர் யார் என்று கேட்டால் நான் பெய்லியைத்தான் சொல்வேன்.

மேசையில் திருடனாக வரும் சீனப் பையனுக்கு இது எதுவும் பெரிதாகப் படவில்லை. அவன் தாத்தாவோடு கிங் ஹூவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவன். 1967இல் வந்த ‘டிராகன் இன்’ படத்தில் எல்லைப்புறச் சத்திரத்துக்குள் உளவாளிகளும் வீரர்களும் ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் முன்னால் ‘நீர்க்கரை’ என்ற பழைய சீன நாவலில் சுன் எர்னியாங் என்று ஒரு சத்திரக்காரி. மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுத்து, மயங்கியவனை நறுக்கிப் பாவ் ரொட்டிக்குள் வைத்து விற்பாள். “அங்கிள், சத்திரத்துல யாராச்சும் சிரிச்சா கத்தியைக் கையில எடுக்கணும்” என்றான்.

ஜொகூரிலேயே ஒரு கற்பனைச் சத்திரம் இருக்கிறது, அசல் ரிங்கிட் வாங்கிக்கொண்டு. இஸ்கண்டார் புத்ரியில் லெகோலேண்ட் பூங்கா 2012இல் திறந்தது. ஆசியாவின் முதல் லெகோலேண்ட். அடுத்த ஆண்டு அதையொட்டி 249 அறை ஓட்டல். கடற்கொள்ளையர், அரசர்கள், சாகசப் பயணிகள் என அறைகளுக்கு வேடம். மருமகனின் தங்கைக்காகக் குடும்பமாகப் போய் அரசர் அறையில் தங்கினோம். பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் அடுக்குக் கட்டில். அவள் கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறையில் பூட்டிய பெட்டி ஒன்று, பக்கத்தில் ஒரு தாள். சுவரில் இது எத்தனை, தரையில் அது எத்தனை என்று கேள்விகள். எண்ணி விடை கண்டால் பூட்டின் எண் கிடைக்கும், உள்ளே சின்னப் பரிசு. மட்டமல்லாக்கப் படுத்தும் குப்புறப் படுத்தும் அறை முழுக்க எண்ணினாள். சுற்றுலா நடத்துகிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, இந்த மாதிரிச் சத்திரத்தில் விற்கவேண்டியது படுக்கை இல்லை என்று.

அப்படியானால் நம்மிடம் என்ன இருந்தது? தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரில் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. இராமேசுவரம் போகிற பாதையில் தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்கள் பல. 1801இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சரபோஜி இந்தச் சத்திரங்களில் நடப்பதை விவரித்திருக்கிறார்: வந்தவர் யாரானாலும் சோறு, நோய்ப்பட்டவருக்கு மருந்தும் பத்தியமும், அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. விலைப்பட்டியல் எழுத ஒன்றுமே இல்லை. சண்டைக்கும் சதிக்கும் இடமில்லாத அளவுக்கு ஒழுங்கான இடம். கதைசொல்லிகள் அங்கே தங்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நம் கதைகளின் ராஜகுமாரன் தங்குவது வேறு இடம். அந்நிய ஊருக்குள் நுழைந்ததும் ஊர்க்கோடியில் பூக்கட்டும் கிழவி வீடு. “பாட்டி” என்று கூப்பிட்டால் போதும், பேரன் ஆகிவிடுவான். கஞ்சி ஊற்றுவாள், திண்ணையில் பாய் போடுவாள். அரண்மனைக்குத் தினமும் பூக்கொண்டு போகிறவள் என்பதால் அரசகுமாரி சிரிக்காதது ஏன், ராத்திரியில் கோட்டைக்குள் என்ன நடக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். தூதும் போவாள். 60 பொற்காசு கொடுத்து வாங்கவேண்டிய அத்தனையும் ஓர் உறவுச்சொல்லுக்குக் கிடைத்தது. இந்தக் கிழவி இந்தியக் கதைகள் பலவற்றில் நடமாடுகிறவள். தாத்தாக்கள் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுவந்த மூட்டையில் அவளும் வந்தாள். என் பாட்டி சொன்ன கதைகளில் கிழவியின் மாலை மட்டும் மல்லிகையாக இருக்காது, லயத்து வேலியில் பூத்த செம்பருத்தியாக இருக்கும்.

இதைச் சொன்னதும் மருமகன் அடுத்த சனிக்கிழமையே ஆட்டத்தில் கிழவியைக் கொண்டுவந்துவிட்டான். மழை, ராத்திரி, சத்திரம் பூட்டியிருக்கிறது, ஒரே ஒரு வீட்டில் விளக்கு. கிழவி கதவைத் திறந்து “வாங்கப்பா, சாப்பிட்டீங்களா?” என்கிறாள். வாள்வீரன் வாடகை எவ்வளவு என்று கேட்டான். காசு வேண்டாம் என்றாள். மேசையில் ஒருவரும் பேசவில்லை. மந்திரக்காரி கஞ்சியில் விஷம் இருக்கிறதா என்று மந்திரம் போட்டுப் பார்த்தாள், இல்லை. கிழவி பொய் சொல்கிறாளா என்று அறிய வாள்வீரன் பகடை உருட்டினான். நல்ல எண். “அவங்க உண்மையைத்தான் பேசறாங்க” என்றான் மருமகன். திருடன் அப்போதும் கஞ்சியைத் தொடவில்லை. அடுக்களையில் பாவ் ரொட்டி வேகிறதா என்று பார்த்துவரப் பின்வாசல் வழியாகப் போனான்.