சுவரில் நின்ற பெயர்

கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலேயே பிறந்த அந்த இளைஞருக்கு ஸ்டிக்கர் வேலை. அம்மம்மாவின் பெட்டிக்கடைச் சுவரில் முகவரியை வினைல் எழுத்தில் ஒட்டினார். சில நாளிலேயே ஓரங்கள் கிளம்பிவிட்டன. சொரசொரப்பான சிமென்ட் பூச்சில் மேடுகள் மட்டும்தான் பசையைப் பிடிக்கும். பள்ளங்களில் மரக்காணத்து உப்புக்காற்றும் தூசும் புகுந்துகொள்ளும்.

மறுமுறை சுவரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டார். எழுத்துகளை வெட்டியெடுத்த வினைல் தாளை அச்சாக வைத்து, உள்ளே பெயின்ட் அடித்தார்.

“என்ன எழுதினனீ மோனை?”

“மறுவாழ்வு முகாம், அம்மம்மா.”

2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்த பெயர் அது. ‘அகதிகள்’ என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை.

“நல்லது. குடியுரிமை எப்பவாம்?”

அவர் பதில் சொல்லவில்லை. பெயின்ட் காய்ந்ததும் இன்னொரு கோட் அடித்தார்.