எர்த் தேடிய வாரம்

ஞாயிறு, இரவு

ஏற்காடு போய்த் திரும்பினோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஸ்டார்ம் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி ஒரு நொடி மூச்சடக்கி நின்றது, உலுக்கியது, பிறகுதான் இழுத்தது. மீதி வளைவுகளிலும் அப்படியே. இருட்டிய பிறகு இறங்கி, அஸ்தம்பட்டி சிக்னலில் கிளம்பியபோது பகலைவிட மோசமாகத் திணறியது.

சான் ஸ்டார்மை இன்று பலருக்குத் தெரியாது. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு சீட்டுத் திறந்த கார். ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன், ஃபைபர் உடம்பு. நம் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யத் துணிந்தார்களே, அதற்காகவே இதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கள்

போன மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக், காயில், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. அப்போதும் திணறல் போகவில்லை. ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு வாசலில் வேப்ப நிழலில் நிறுத்தி, நானே பிளக்குகளைக் கழற்றினேன். இளம்பழுப்பாக இருக்கவேண்டிய முனைகள் நான்கும் வெளுத்துக் கிடந்தன. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று அர்த்தம்.

பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது உப்பவைக்கும், வெடிக்கவைக்கும். அதனால் குழாய்களை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. பெட்ரோல் ஃபில்டரை மட்டும் மாற்றினேன். மாற்றம் இல்லை.

புதன்

அஞ்சு ரோட்டு மெக்கானிக் தம்பி பிரஷர் கேஜ் கொண்டுவந்து மாட்டினார். ஐட்லிங்கில் முள் ஏறக்குறைய 3 பாரில் நின்றது. ஓட்டிப் பார்த்தபோது, மிதித்த மாத்திரத்தில் 2-க்கு இறங்கியது. “பம்பு போச்சுங்கண்ணா, மாத்திரலாம்” என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. ஐட்லிங்கில் எஞ்சினுக்குத் தேவை சொட்டுக் கணக்குதான், சோர்ந்த பம்ப்கூட ஈடுகொடுக்கும். மிதித்ததும் காற்று குபுகுபுவென்று உள்ளே வரும், இஞ்செக்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அங்கேதான் குட்டு வெளிப்படும். இதுவரை சரி. ஆனால் பம்ப் கெட்டிருந்தால் இரவில் மட்டும் ஏன் கூடுதலாகத் திணறவேண்டும்? பெட்ரோலுக்குப் பகலும் இரவும் தெரியுமா?

வியாழன்

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் பெரியவரிடம் போனில் சொன்னேன். கேட்டு முடித்ததும், “லைட்டு போட்டா அதிகமாகுதுங்களா?” என்றார். ராத்திரி என்று நான் சொன்னது அவர் காதில் விளக்கு என்று விழுந்திருக்கிறது. மூன்று நாளாக நான் இதை யோசிக்கவே இல்லை.

“மரத்துல பாடி கட்டுன காலத்துல லைட்டு லைட்டுக்கு எர்த் ஒயரு சேசிஸ் வரைக்கும் இழுப்போமுங்க. மரத்து வழியா கரண்டு திரும்பாதுங்களே. உங்க ஃபைபரும் மரம் மாதிரித்தானுங்க.”

தகரக் கார்களில் உடம்பே எர்த். இதில் எல்லாமே ஒயரை நம்பி இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பம்ப்பின் நெகட்டிவிலும் வைத்தேன். பம்ப் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டவேண்டும். காட்டியது 1.9. ஹெட்லைட்டைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பையனை பிரேக் மிதிக்கச் சொன்னேன். 2.8.

சனி

பின்சக்கரத்துக்கு மேலே, சேசிஸில் ஒரே போல்ட். பம்ப்பின் எர்த்தும் பின்விளக்குகளின் எர்த்தும் அதில்தான் வந்து சேர்கின்றன. ஒயர் முனை பச்சைக் களிம்பு பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அடியில் துரு செதில் செதிலாக. இருபது வருஷத்து மழை. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்தேன். புது முனை வைத்து, பம்ப்புக்குத் தனி ஒயர் ஒன்றை பேட்டரி வரைக்கும் இழுத்தேன். இப்போது மீட்டர் 0.1.

பொழுது சாய்ந்ததும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு மலையேறினேன். அதே மூன்றாவது வளைவு, அதே இரண்டாம் கியர். மிதித்தேன். இழுத்தது. கண்ணில் நீர் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

இறங்கியதும் பெரியவரைக் கூப்பிட்டேன். “சந்தோஷமுங்க” என்றவர், “முன்பக்கம் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் ஒரு எர்த் பட்டை இருக்குமே, அதையும் கழட்டிப் பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. நாளை காலை முதல் வேலை அதுதான்.