நிறம் போன தண்ணீர்

சென்ற மாதம் நண்பரொருவர், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தன் மகனை அமெரிக்காவில் உயிர்ப்பொறியியல் கோடை ஆய்வுப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்புவது குறித்து என்னிடம் யோசனை கேட்டார். கட்டணத்தைச் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை. இத்தகைய பயிற்சிகளில் பெயர்பெற்றதும், 1984-இல் தொடங்கி 1992 முதல் எம்.ஐ.டி.யில் நடப்பதுமான ஆர்.எஸ்.ஐ. மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை என்ற தகவலை மட்டும் சொல்லிவைத்தேன். என் மனம் அதற்குள் வீரபாண்டிக்குப் போய்விட்டிருந்தது.

திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் பெரும்பாலும் பனியன் கம்பெனிதான். பத்தாவது எழுதிய கையோடு பையன்கள் கைமடிக்கப் போவார்கள், பெண்கள் செக்கிங்குக்கு. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று கணக்கு, சனிக்கிழமை சம்பளம். அதில்தான் ஜூன் மாத நோட்டும் செருப்பும் வரும்.

என் அக்காள் வீரபாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். மச்சானுக்குச் சாயப்பட்டறையில் வேலை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது அவருடைய பட்டறையும் மூடியது. தீர்ப்பு நியாயமானதென்று எங்கள் வீட்டிலேயே இரு கட்சி உண்டு. என் அப்பாவின் தோட்டம் நொய்யலின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறியதைக் கண்ணால் கண்டவர் அவர். மருமகனின் சோறும் மாமனாரின் கிணறும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் இருந்தன. பண்டிகைக்குக் கூடினால் இதைத் தவிர மற்றதையெல்லாம் பேசுவோம்.

அக்காள் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தில், பதினொன்றாம் வகுப்பு அறிவியல் மாணவர்களுக்கு ஐந்து நாள் முகாம் நடத்துவார்கள். 2012 ஜனவரியில் கோவையில் ஒரு கல்லூரியில் நடந்த முகாமுக்குப் போனாள். அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியை ஒருவர், இவள் ஊர்ப்பெயரைக் கேட்டதும், சாயத்தைத் தின்னும் பாக்டீரியா உங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கும், மே மாதம் வந்தால் நாமே தேடலாம் என்று சொல்லிவிட்டார்.

மே மாதம் என்பது நான்கு சனிக்கிழமைச் சம்பளம். பட்டறை மூடிய வீட்டில் அது சிறிய தொகையில்லை. அக்காள் வேண்டாமென்றாள். நான் தருகிறேன் என்று சொன்னதற்கு மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து மகள் முன் வைத்தார். உள்ளே கறுத்த சேறு. பட்டறையின் பின்மூலைக் குழியிலிருந்து அள்ளியது. "அங்க தேங்குற தண்ணி மட்டும் நாலு நாள்ல வெளுத்துரும் அம்மிணி. ஏன்னு எனக்குத் தெரியாது" என்றார். அதுவே அவர் கொடுத்த அனுமதி.

தினமும் இரண்டு பேருந்து மாறிப் போனாள். சேற்றைக் கரைத்து, அகர் தட்டில் பரப்பி, முளைத்த புள்ளிகளைத் தனித்தனியே பிரித்து, சாயம் கலந்த குடுவைகளில் இட்டாள். குடுவைகளை ஓயாமல் குலுக்கும் எந்திரத்தில் வைத்தார்கள். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கருநீலம் கருநீலமாகவே இருந்தது. அந்த ஆண்டு மின்வெட்டு நினைவிருக்கும். ஒரு நாள் நெடுநேரம் மின்சாரம் இல்லை, எந்திரம் நின்றுவிட்டது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு குடுவை மட்டும் வெளிறியிருந்தது.

பேராசிரியை விளக்கினாராம். பருத்திக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். காற்று குறைந்த இடத்தில் பாக்டீரியாவின் நொதி அப்பிணைப்பை உடைக்கும். ஆக்ஸிஜன் இருந்தால் அந்த வேலை தடைப்படும். குழியில் தேங்கிய தண்ணீர் வெளுத்ததற்கும் அதுவே காரணம். மச்சானிடம் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் நிறம் போனால் நஞ்சு போயிற்று என்று பொருளில்லை. உடைந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள்; சில சாயத்தைவிடக் கொடியவை. அவற்றைச் சிதைக்கக் காற்றோட்டமுள்ள இரண்டாம் கட்டம் வேண்டும். அவள் குடுவையைக் காற்றுபடக் குலுக்கியபோது இலேசான பழுப்பு திரும்பி வந்தது. நான்கு வாரம் அதற்குமேல் போதவில்லை.

கடைசி ஞாயிறு, நுண்ணுயிர்களைக் கொன்று இறுக மூடிய ஒரு புட்டித் தண்ணீரோடு, அப்புச்சியைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தாள். அப்பா அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நெறம் போச்சு, செரி. உப்புப் போச்சா கண்ணு?"

அவள் பதில் சொல்லவில்லை. துணியில் சாயம் ஏற லிட்டருக்கு ஐம்பது கிராம் உப்புகூடப் போடுவார்கள். கறுப்புக்கு இன்னும் அதிகம். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அப்படியே தண்ணீரோடு வெளியேறும். பாக்டீரியா அதைத் தொடாது. அதற்காகத்தான் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாத செலவு மிகுந்த முறையைத் திருப்பூர் மேற்கொள்ள நேர்ந்தது. அப்பாவின் தென்னைகளைக் காயவைத்தது நிறமல்ல, உப்பு.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போய், உப்பளவு காட்டும் கருவியைக் கேட்டு வாங்கி, முதல்நாள் தண்ணீரையும் கடைசிநாள் தண்ணீரையும் அளந்தாள். இரண்டும் ஒன்றே. பேராசிரியை அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினாள். பிறகு பள்ளி திறக்கும்வரை இருந்த சில நாட்கள் செக்கிங்குக்குப் போனாள். கிடைத்த சம்பளத்தில் நோட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தப் புட்டி அப்பாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது. தண்ணீரை எங்கே கொட்டுவதென்று யாருக்கும் தெரியவில்லை. தென்னையடியில் ஊற்ற அப்பா சம்மதிக்கவில்லை. சாக்கடையில் விட அவள் சம்மதிக்கவில்லை. அது பரண்மேல் விதை டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.