ஆறு குவளைகள்

நல்ல காப்பிக் கடையொன்றைத் தேடி அலைந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். எளாவூரில் குடியேறிய முதலாண்டில் நாங்கள் அவ்வாறு அலைந்தோம். எங்களுள் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் நீண்ட காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்தவர். இருவருக்கும் பொதுவான பழக்கம் விடியற்காலைக் காப்பி. அதை வீட்டிலேயே போட்டுக் குடிக்கலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். குடித்தோம். ஆயினும், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீட்டில், காலை ஐந்து மணிக்கு இருவர் மட்டும் எதிரெதிரே அமர்ந்து குடிக்கும் காப்பியில் ஏதோ ஒன்று குறைவாகவே இருந்தது. பிறர் பேச்சொலி கேட்க வேண்டும் என்னும் ஆவலே எங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

எளாவூர் பெரிய ஊரன்று. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் இது. ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தடா. அது ஆந்திர மாநிலம். ஊரையொட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை இன்றும் ஜி.என்.டி. சாலை என்றே வழங்குகிறோம். எல்லைச் சோதனைச்சாவடியும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இவ்வூர்க் கடைவாசலில் நிற்போர் பலதிறத்தவர்: இரவெல்லாம் வண்டியோட்டிய லாரி ஓட்டுநர்கள், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்கள், பழவேற்காட்டு ஏரிப்பக்கமிருந்து வரும் மீன் வியாபாரிகள், மின்சார இரயிலுக்குக் காத்திருக்கும் மாணவர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும். "ரெண்டு காப்பி" என்று ஒருவர் குரல் கொடுத்தால், அவர் கேட்டது தமிழிலா தெலுங்கிலா என்று எவராலும் சொல்ல இயலாது. இரு மொழியிலும் அச்சொற்கள் ஏறத்தாழ ஒன்றே.

இத்தகைய ஊரில் தேநீருக்குப் பஞ்சமில்லை. காப்பிக்குத்தான் பஞ்சம். ஆலைத் தொழிலாளி குடிப்பது தேநீர், அலுவலகத்தார் குடிப்பது காப்பி என்னும் பிரிவு நம் நாட்டில் நெடுநாளாய் இருந்துவருகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் இச்செய்தியைச் சுவைபட ஆராய்ந்திருக்கிறார். நீராகாரம் குடித்துவந்த தமிழர் வீடுகளில் காப்பி நுழைந்தபோது அதைக் கண்டித்தவர்கள் உண்டு. பிறகு அதுவே வந்தவரை வரவேற்கும் மரியாதையின் அடையாளமாயிற்று. எவருக்குக் காப்பி தருகிறோம், எதில் தருகிறோம் என்பதில் நாம் அவரை எங்கே வைத்திருக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடும். இந்த உண்மையை நாங்கள் நூலில் படித்தறிந்தோம். ஆனால் எங்கள் கையாலேயே அதை மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

2017ஆம் ஆண்டில், நிலையத்திற்குச் செல்லும் வழியில் தேநீர்க் கடையொன்று கைமாறவிருந்தது. ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு நாங்களே அதை எடுத்துக்கொண்டோம். உறவினர் நகைத்தனர். கடையோடு பாய்லரும், நான்கு பெஞ்சுகளும், பல்லாண்டு அனுபவமுள்ள மாஸ்டர் ஒருவரும் வந்து சேர்ந்தார்கள். தேநீர் அவர் பொறுப்பு, காப்பி எங்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

காப்பிக் கடை நடத்துவது எளிதென்று எண்ணியிருந்தோம். பொடியைப் பில்டரில் இறுக அழுத்தினால் நீர் இறங்காது. தளரவிட்டால் டிகாக்ஷன் சாரமின்றி ஓடிவிடும். கொதித்து அடங்கிய நீரைச் சுற்றிலும் சீராக ஊற்றி, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இறங்கிய டிகாக்ஷனை மறுபடி அடுப்பேற்றினால் மணம் போய்க் கசப்பே மிஞ்சும். ஆகவே ஒருமுறைக்கு நிறையப் போட்டுவைக்காமல், இரயில் வரும் நேரத்தையும் ஷிப்டு விடும் நேரத்தையும் கணக்கிட்டுச் சிறிது சிறிதாக இறக்கக் கற்றோம். சிக்கரி சேர்ந்தால் நிறமும் கெட்டியும் கிடைக்கும். காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது விதி. அந்த எல்லைவரை சிக்கரியை ஏற்றி, நிறத்தைக் காட்டிக் காசு பார்ப்போர் உண்டு. நாங்கள் நூற்றுக்கு இருபதோடு நிறுத்திக்கொண்டோம். பால் அருகிலுள்ள தெருவில் கறந்தது. தண்ணீர் கலவாத பால் என்பதே எங்கள் விளம்பரம்.

இலாபம் பெரிதில்லை. மாதச் சம்பளம் வரும்வரை கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்பவர்கள் பலர். அந்த நோட்டில் ஏமாற்றியவர்களைவிட மறவாது கொடுத்தவர்களே மிகுதி. தொடக்கத்தில் 10 ரூபாய்க்குத் தந்த காப்பி இப்போது 20 ரூபாய். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து, 2025 பிப்ரவரியில் அராபிகாக் கொட்டையின் விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டபோது, எளாவூரில் ஒரு லாரி ஓட்டுநரிடம் நாங்கள் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். "பிரேசில்ல மழை இல்லேன்னா எனக்கென்னங்க ஐயா?" என்றார் அவர். சிரித்தபடியே காசைத் தந்தார்.

இவையெல்லாம் இன்பமான நினைவுகள். சொல்ல வந்தது வேறொன்று.

கடையை எடுத்தபோது, மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளூராருக்குக் கண்ணாடிக் குவளை. ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் மாநிலப் பிள்ளைகளுக்குக் காகிதக் குவளை. காரணம் கேட்டோம். "கையெல்லாம் கிரீஸ் சார். கிளாஸை எடுத்துட்டுப் போனா திரும்பி வராது" என்றார். அக்காரணம் எங்களுக்கு வசதியாயிருந்தது. சுகாதாரம் என்று நாங்களே அதற்கு மேலும் ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டோம். கிரீஸ் படிந்த உள்ளூர்க் கைகள் அதே நேரத்தில் கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்ததை நாங்கள் பார்க்காமலில்லை.

2019 ஜனவரி 1ஆம் நாள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் அத்தடையில் அடங்கும். நாங்கள் புதிதாக மூன்று டஜன் கண்ணாடிக் குவளைகள் வாங்கினோம். நல்ல காலம், இனி எல்லார்க்கும் ஒரே குவளை என்று மனத்துக்குள் மகிழ்ந்தோம். சில நாள் கழித்துக் குவளை கழுவும்போது, அவற்றுள் ஆறின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். மாஸ்டரைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வழக்கமாக வருவோரில் இருவர் முணுமுணுத்திருந்தார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாஸ்டர் போய்விட்டால் கடை என்னாவது என்று எண்ணினோம். பார்த்துப் பேசுவோம் என்று நாள்களைக் கடத்தினோம். ஏறத்தாழ மூன்று வாரம் அந்த ஆறு குவளைகளும் தனியே ஓர் ஓரத்தில் கவிழ்ந்திருந்தன.

இதில் வெட்கத்திற்குரியது யாதெனில், எங்களுள் ஒருவர் இதையே பாடமாக நடத்தியவர். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவையும், கடைகளிலும் பொது உணவகங்களிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்னும் 15ஆம் பிரிவையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவர். இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கென்று தனியிடம் ஒதுக்கியிருந்த முறை 1941இல்தான் நீங்கியது என்பதையும், உணவகப் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்க 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெரியார் தொடங்கிய கிளர்ச்சி மாதக்கணக்கில் நடந்தது என்பதையும் வகுப்பில் சொன்னவர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை பற்றிய செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சினந்ததுண்டு. 'பிறப்பிடம்' என்ற சொல் அப்பிரிவிலேயே இருக்கிறது. ஒடிசாப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, ஒதுக்கிவைத்தோம்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் மற்றவர்க்கு முன்னே வருவான். இருபது வயதிருக்கும். "அக்கா, ஒரு காப்பி" என்பதைத் தெளிவாகக் கற்றிருந்தான். தேநீர் குடிக்கும் தோழர்களிடையே அவன் ஒருவனே காப்பி விரும்பி. சர்க்கரை சற்றுத் தூக்கலாக வேண்டும். ஒருநாள் குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்து வைக்கையில் அடியிலிருந்த புள்ளியைப் பார்த்தான். தோழன் கையிலிருந்ததையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு பெஞ்சில் உள்ளூரார் வைத்துவிட்டுப் போயிருந்த குவளைகளைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. ஐந்து ரூபாய் நாணயங்கள் இரண்டை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் தன் அறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தான். அதை நீட்டி, அதே குரலில், "அக்கா, ஒரு காப்பி" என்றான்.

அன்றிரவு கடையடைத்தபின் மாஸ்டரிடம் பேசினோம். பெருங்குரலில் அன்று, குற்றவாளிகளாகவே பேசினோம். அவரும் தலைகுனிந்து, "நீங்க பார்த்தும் சும்மாதானே சார் இருந்தீங்க" என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. மண்ணெண்ணெய் கொண்டு தேய்த்தும் புள்ளிகள் முழுவதும் போகவில்லை. அந்த ஆறு குவளைகளையும் எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோம். மாஸ்டரும் நாங்களும் கடையில் குடிப்பது அவற்றில்தான். முணுமுணுத்த இருவருள் ஒருவர் வரவில்லை; மற்றவர் ஒரு மாதம் கழித்து வந்தார், காப்பியின் பொருட்டு.

பிற பிள்ளைகள் எல்லாரும் எல்லாக் குவளையிலும் குடிக்கத் தொடங்கினர். அவன் மட்டும் டம்ளரை விடவில்லை. அதைக் குறித்து நாங்கள் ஒருமுறையும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க மொழி போதாது என்பது எங்கள் சாக்கு. காப்பி கேட்க அவனுக்குத் தமிழ் போதுமாயிருந்தது. மன்னிப்புக் கேட்க எங்களுக்கு இரண்டு சொல் இந்தி கற்பது அரிதாகவா இருந்திருக்கும்?

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கடை மூடியது. மே மாதத்தில் ஜி.என்.டி. சாலையில் வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டைகளோடு வடக்கு நோக்கி நடந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். ஒருநாள் விடியலில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவன் நின்றிருந்தான். தோளில் பை. கணக்கு நோட்டில் அவன் பெயரில் நிலுவை இருந்ததாம். அதைத் தர வந்திருந்தான். நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். பணம் வேண்டாமென்று மறுத்து, இருக்கும் பாலில் காப்பி போட்டோம். வீட்டில் விருந்தினர்க்கென வைத்திருந்த டபரா டம்ளரை எடுத்து வந்தோம். அவன் பையைத் திறந்து தன் டம்ளரை நீட்டினான். அதில்தான் ஊற்றினோம்.

அவன் கோபத்தால் நீட்டினானா, அது வெறும் பழக்கமாகிவிட்டதா, நோய்க்காலத்து முன்னெச்சரிக்கையா என்பதை நாங்கள் அறியோம். குடித்துவிட்டுக் கைகூப்பினான். "வரேன் அக்கா, வரேன் அண்ணா" என்று சொல்லிப் போனான். திரும்பி வரவில்லை.

கடை இன்றும் நடக்கிறது. விடியலில் முதல் டிகாக்ஷனின் மணம் எழும்போது பெஞ்சு நிரம்பிவிடும். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கலந்து ஒலிக்கும். நாங்கள் தேடிய பேச்சொலி அதுதான். அதைக் கேட்டபடி குடிக்கும் காப்பிக்கு ஈடில்லை. நல்ல காப்பிக் கடைக்கு இலக்கணம் கேட்டால், பொடியும் பாலும் பற்றி எவ்வளவோ சொல்வோம். ஆனால் இப்போது வெளியூர் செல்லுமிடத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தால், எங்கள் கண் முதலில் செல்வது குவளைகள் கவிழ்த்து வைத்திருக்கும் இடத்திற்கே. அவை ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

அன்பு வாசகரே, உங்கள் வீட்டு அடுக்களையிலும் அவ்வாறு ஓரமாய் ஒரு குவளை இருக்கக்கூடும்: வேலைக்கு வரும் பெண்ணுக்கென்று, குப்பை அள்ள வருபவருக்கென்று. அதன் அடியில் புள்ளி இருக்க வேண்டுமென்பதில்லை. இன்று அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். மூன்று வாரம் காத்திராதீர்கள்.