தலைக்கு மேல தண்டவாளம்

மகன் போனில கோச்சி எங்க வருதெண்டு பாக்கிறான். எங்கட புதுக்குடியிருப்பில தண்டவாளமே இல்லை. ஏ-35 றோட்டால பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போய்த்தான் ஏறோணும்.

1990 இல சண்டையால யாழ்ப்பாணத்துக்கு ஓடாம நிண்டுபோன யாழ்தேவி கோச்சி 2013 இல கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. இடையில தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாப் போச்சு. நான் முதன்முதல் தண்டவாளத்தைத் தொட்டது பங்கருக்குள்ள இருந்துதான், தலைக்கு மேல.

பற்றரிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டனாங்கள். கை ஓய்ஞ்சா செய்தியும் நிண்டிடும். (சுத்திறது எப்பவும் நான்தான். கேக்கிறது ஊர்.)

நேற்று மகன், "அப்பா, சார்ச் 20 வீதம்தான் கிடக்கு" எண்டு பதறினான். அவன்ர சைக்கிளைப் பாத்தன். அதில டைனமோவே இல்லை.